அலையை விற்பவர்களிடம் ஒரு பாடம்
புயல் எச்சரிக்கை வந்தால் கடையை மூடுவதா, திறப்பதா?

நவம்பர் பிறந்துவிட்டால் கிழக்கிலங்கை வியாபாரிக்குக் கவலை இரண்டு. மழையால் வியாபாரம் படுத்துவிடுமே என்பது ஒன்று. வானொலியில் வரும் புயல் எச்சரிக்கை மற்றது. முதலாவதைச் சமாளிக்க நமக்குப் பழக்கம் உண்டு. கொள்முதலைக் குறைப்போம், கடன் கொடுப்பதை இறுக்குவோம், தைப்பொங்கல் வியாபாரம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம். இரண்டாவதற்கு நம்மிடம் எந்த முறையும் இல்லை. "போன முறையும் இப்படித்தான் சொன்னார்கள், என்ன வந்தது?" என்று ஒருவர் சொல்வார். கடைத்தெரு முழுவதும் தலையாட்டும். பக்கத்துக் கடை திறந்திருக்கும்வரை நாமும் திறந்திருப்போம்.

இலாப நட்டக் கணக்கில் யாருக்கும் சளைக்காத நாம், இந்த ஒரு விடயத்தை மட்டும் கணக்குப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். ஆனால் நமது மாகாணத்திலேயே ஒரு கூட்டத்தார் கடலின் சீற்றத்தை நாள்தோறும் கணக்குப் பார்த்துத்தான் பிழைக்கிறார்கள். பொத்துவில் உல்லையில், வெளியுலகம் அறுகம்குடா என்று அறிந்த இடத்தில், அலைச்சறுக்கை நம்பித் தொழில் செய்பவர்கள் அவர்கள். அவர்களிடம் நாம் படிக்க வேண்டியது அதிகம்.

அலையும் ஒரு சரக்கு

செங்கலடிச் சந்தியில் மொத்தமும் சில்லறையுமாக வியாபாரம் செய்யும் எனக்கு, அலைச்சறுக்கோடு நேரடிச் சம்பந்தம் ஏதும் இல்லை. கரையில் காலை நனைத்ததோடு சரி. சீசன் காலத்தில் உல்லையிலுள்ள சில விடுதிகளுக்குச் சரக்கு அனுப்புவதால் வந்த பழக்கம்தான். அங்கே பலகைகளை வாடகைக்கு விடும் பொத்துவில் நண்பர் ஒருவர், சிறிய விடுதியொன்றும் நடத்துகிறார். அவரது ஓடர் வரும் விதமே எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. "காக்கா, வாற புதன் அலை ஏறுது. முட்டை, தண்ணிப் போத்தல் கூட ஏத்தி விடுங்க" என்பார். வெள்ளிக்கிழமை பேசும் பேச்சு இது. புதன்கிழமை அலை எழும் என்பது ஐந்து நாட்களுக்கு முன்பே இவருக்கு எப்படித் தெரியும்?

விளக்கம் கேட்டபோதுதான் விடயம் புரிந்தது. உல்லையில் ஏப்ரல், மே தொடக்கம் ஒக்டோபர் வரை வரும் அலை நமது கரையில் பிறந்ததல்ல. பூமியின் தென்கோடியில், தென் அகலாங்கு 40 பாகைக்கு அப்பால், இந்து சமுத்திரத்தில் ஓயாமல் வீசும் பெரும் புயல்களே அதன் பிறப்பிடம். அங்கே காற்று கடலை உழுது எழுப்பும் அலை, புயலை விட்டுப் பிரிந்து வடக்கே பயணிக்கிறது. வழியில் சின்னச் சின்ன அலைகள் மடிந்துவிடும். நீண்டு கிடக்கும் அலைகள் மட்டுமே மிஞ்சும். ஓர் அலை முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 14 செக்கன் இருந்தால், அந்த அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். தூரம் 5,700 கிலோமீற்றர் அளவு. ஆறு நாள் பயணம். அங்கே புயல் வீசிய செய்தி வந்த அன்றே, இங்கே அலை என்று வந்து சேரும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கொழும்புத் துறைமுகத்துக்குக் கப்பல் என்று வரும் என்று இறக்குமதிக்காரர் பார்ப்பதைப் போன்ற கணக்குத்தான் இது.

2019 செப்டம்பரில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிச்சுற்றுப் போட்டி ஒன்று உல்லையில் நடந்ததும் இந்த அலையை நம்பித்தான். அலை பிடிக்கும் வீரனும், அவனுக்குச் சோறு போடும் விடுதிக்காரரும், விடுதிக்கு அரிசி அனுப்பும் நாமும் ஒரே கப்பலுக்குக் காத்திருக்கிறோம்.

தூரத்துப் புயலும் கிட்டத்துப் புயலும்

இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. தூரத்துப் புயல் உல்லைக்கு வருமானம். கிட்டத்துப் புயல் அதே உல்லைக்கு அழிவு. வங்காள விரிகுடாவில் நமது கரையைத் தாக்கும் சூறாவளிகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருபவை. அவை கிளப்பும் அலைகள் குறுகிய தூரத்தில் பிறந்து, ஒழுங்கில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வரும். காற்றும் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அந்தக் கடலில் பலகையோடு இறங்குபவனுக்கு அலையும் கிடைக்காது, கரையேற வழியும் கிடைக்காது. அந்த மாதங்களில் அலைச்சறுக்குக்காரர்கள் வெலிகம, மிதிகம, ஹிக்கடுவ என்று தெற்குக்குப் போய்விடுவார்கள்.

தூரத்துப் புயலின் அலைகூட எப்போதும் சாது அல்ல. 2024 மே 6ஆம் திகதி, தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் கடலுக்குப் பலியானார்கள். அன்று அங்கே புயலும் இல்லை, மழையும் இல்லை. தெற்குச் சமுத்திரத்திலிருந்து வந்த நீள அலையே இழுத்துச் சென்றது. 'கள்ளக்கடல்' என்று மலையாளக் கரையோர மக்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கள்ளனைப் போல் சொல்லாமல் வரும் கடல். ஆனால் உரிய அதிகாரிகள் முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தார்கள் என்பதுதான் வேதனை.

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் இதே கதை உண்டு. சூறாவளி கரைக்கு வராமல் கடலோடு போய்விட்டால் அலைச்சறுக்குக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2009 ஓகஸ்டில் 'பில்' என்ற சூறாவளி அப்படித்தான் கரையை விட்டு வெகு தொலைவில் கடந்தது. மேன் மாநிலத்தின் அகாடியா தேசியப் பூங்காவில், அலையை வேடிக்கை பார்க்கக் கற்பாறையில் கூடி நின்றவர்களை ஒரு பேரலை வாரிக்கொண்டு போனது. 7 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். கடலில் இறங்கியவர்கள் அல்ல, கரையில் நின்றவர்கள்தான் அகப்பட்டார்கள்.

இறங்குமுன் போடும் கணக்கு

உல்லை நண்பரிடமும் அவரிடம் வேலை செய்யும் பயிற்றுநர் இளைஞர்களிடமும் நான் கண்ட பழக்கங்கள் நான்கு.

ஒன்று, வந்தவுடன் தண்ணீரில் குதிப்பதில்லை. கால் மணி நேரமாவது கரையில் நின்று கடலைப் பார்ப்பார்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். இடையில் கடல் தூங்குவதுபோல் இருக்கும். தூங்கும் நேரம் மட்டும் பார்த்து இறங்குபவன் ஏமாந்துபோவான்.

இரண்டு, இறங்கும் வழிக்கு முன்பாக ஏறும் வழியைத் தீர்மானிப்பார்கள்.

மூன்று, எதுவரை போகலாம் என்ற எல்லையைக் கரையிலேயே வைத்துக்கொள்வார்கள். தண்ணீருக்குள் போனபின் ஆசையும் சேரும், பயமும் சேரும். அப்போது எடுக்கும் முடிவு சரியாக வராது.

நான்கு, அடுத்தவன் இறங்கிவிட்டான் என்பதற்காக இறங்குவதில்லை. அவனது நீச்சல் வேறு, நமது நீச்சல் வேறு.

அலை மிஞ்சிய நாட்களில், புதிதாகப் பழகுபவர்களுக்குப் பிரதான முனையில் இறங்க நண்பர் பலகை கொடுப்பதில்லை. குடாவின் உட்புறம், அலை சாந்தமான பகுதிக்கு அனுப்புவார், அல்லது நாளைக்கு வரச் சொல்லுவார். வாடகை போகிறதே என்று கேட்டேன். "ஒரு நாள் வாடகை போகும் காக்கா. ஒரு மௌத்து நடந்தா சீசனே போயிரும்" என்றார். வியாபாரம் தெரிந்தவன் சொல்லும் வார்த்தை அது.

இந்த நான்கையும் நமது கடைக்குப் பொருத்திப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் நாம் செய்வது நேர்மாறு. வானம் வெளுத்த நேரத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கிறோம். வெளியேறும் வழியை யோசிப்பதில்லை. எல்லை வைப்பதில்லை. பக்கத்துக் கடையைப் பார்த்து முடிவெடுக்கிறோம்.

78 சொன்ன செய்தி

மட்டக்களப்பில் வயது போனவர்களுக்கு 'சூறாவளி' என்றால் ஒன்றுதான். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்தது. 900க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சுமார் 10 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமாயின. மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு சாய்ந்தது. மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. வியாபாரிகள் மனதில் வைக்க வேண்டிய எண்ணிக்கை ஒன்று உண்டு. மாவட்டத்தில் இருந்த 11 நெற்களஞ்சியங்களில் 9 அழிந்தன. ஒரே இரவில். வீடு இழந்தவனுக்கு மறுநாள் சோறு போட வேண்டிய நெல் அது.

அதன்பின் நாம் கண்டவை வேறு வேறு முகங்கள். 2011 ஜனவரியில் புயலே இல்லாமல் வெள்ளம் மட்டும் வந்து, கிழக்கில் 10 இலட்சம் பேரைப் பாதித்தது. அதிகம் அடிபட்டது மட்டக்களப்பு மாவட்டம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு 'புரெவி' திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. கிழக்கில் 75,000 பேர் அளவில் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எதிர்பார்த்த அளவு சேதம் வரவில்லை. 'வீணாக அலைக்கழித்தார்கள்' என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2025 நவம்பர் இறுதியில், 'டித்வா' வந்தது. அது தூரக் கடலில் பிறந்து நடந்து வரவில்லை, இலங்கைக்கு மிக அருகிலேயே உருவானது. ஆயத்தம் செய்யக் கிடைத்த நேரம் குறைவு. 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2004 சுனாமிக்குப் பின் நாடு கண்ட மிகப் பெரிய இயற்கை அனர்த்தம் அது. அதிலும் காற்றைவிட நீரே கொன்றது. உயிர்ச்சேதம் பெரும்பாலும் மலையகத்து மண்சரிவாலும் வெள்ளத்தாலும் நேர்ந்தது. செங்கலடிச் சந்தியில் ஆரம்பிக்கும் வீதி ஏறிப்போகும் பதுளை மாவட்டமும் மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

ஏறாவூர், செங்கலடிப் பகுதி வியாபாரிகளுக்கு இதில் தனிச் செய்தி இருக்கிறது. கடற்கரை நமக்குச் சற்றுத் தூரம் என்று நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் நமக்கு மேற்கே உன்னிச்சை, உறுகாமம் போன்ற குளங்களும் முந்தனை ஆறும் இருக்கின்றன. அவற்றின் வெள்ளம் வாவிக்கு வந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். புயல் காலத்தில் கடல்மட்டம் உயர்ந்து நின்றால் வாவி நீர் வடிய முடியாது. முன்வாசலில் கடல், பின்வாசலில் குளத்து வெள்ளம். ஆகவே நாம் பார்க்க வேண்டியது காற்றின் வேகத்தை மட்டுமல்ல. குளங்களின் வான்கதவு திறக்கும் அறிவித்தலையும்தான்.

மூடினால் எவ்வளவு, திறந்தால் எவ்வளவு?

இனிக் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். நாளாந்த விற்பனை ஒரு இலட்சம் ரூபா. இலாபம் நூற்றுக்குப் பத்து, அதாவது 10,000 ரூபா. கடையிலுள்ள இருப்பு 20 இலட்சம்.

எச்சரிக்கை வந்து இரண்டு நாள் கடையை மூடினால் நட்டம் 20,000 ரூபா. பலர் இரண்டு இலட்சம் விற்பனை போய்விட்டது என்று கணக்குப் பார்ப்பார்கள். அது பிழை. சரக்கு எங்கும் போகவில்லை. போனது இலாபம் மட்டும். அதிலும் அரிசி, மா, சீனி வாங்க வேண்டியவன் மூன்றாம் நாள் வந்து வாங்கத்தான் போகிறான்.

ஆயத்தமில்லாமல் இருந்து, இருப்பில் பாதி நனைந்துபோனால் நட்டம் 10 இலட்சம். அதை ஈட்ட நூறு நாள் இலாபம் வேண்டும். இருபது முறை எச்சரிக்கை வந்து, இருபது முறையும் மூடி, பத்தொன்பது முறை ஒன்றும் நடக்காவிட்டாலும் மொத்தச் செலவு 4 இலட்சம்தான். ஒரே ஒரு முறை தப்பினாலே 6 இலட்சம் மிச்சம். 'வீணாக மூடினோம்' என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

எச்சரிக்கை நாளில்தான் வியாபாரம் உச்சத்தில் நிற்கும் என்பதையும் நான் மறக்கவில்லை. மெழுகுதிரி, பாண், பிஸ்கட், தீப்பெட்டி, பற்றரி என்று சனம் முண்டியடிக்கும். மூட மனம் வராது. அதற்கு ஒரே வழி, மூடும் நேரத்தை முதல்நாளே எழுதிக் கதவில் ஒட்டிவிடுவது. சனமும் நேரத்துக்கு வந்து வாங்கிக்கொண்டு போகும், நாமும் நேரத்துக்கு வீடு போவோம். அந்த நாளில் விலையைக் கூட்டுவதும் சரக்கைப் பதுக்குவதும் எப்படிப்பட்ட சம்பாத்தியம் என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடைப் பையனின் உயிர்

பேசத் தயங்கும் ஒரு விடயத்தையும் பேசிவிடுகிறேன். முதலாளி குடும்பத்தோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுவார். கடைக்குக் காவலாகத் தூர ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் பையன் ஒருவன் உள்ளே படுத்திருப்பான். பல கடைத்தெருக்களில் இது நடக்கிறது. வெளியே பூட்டியிருந்தால் அவனுக்கு ஏறும் வழியும் இல்லை. களவு போகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் இருபது இலட்சம் சரக்கைக் காக்க அவனுடைய தாய் தன் மகனை நம்மிடம் ஒப்படைக்கவில்லை. அவன் அமானிதம். நாம் வெளியேறும்போது முதலில் வெளியேற வேண்டியவன் அவன். காவல் வேண்டுமென்றால் கடைத்தெருச் சங்கம் பொலிஸாரோடு பேசி ஒழுங்கு செய்யட்டும்.

வெளியேறுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்தியாவின் ஒடிசா மாநிலம் பதில் சொல்கிறது. 1999 ஒக்டோபரில் வந்த பெரும் சூறாவளி அங்கே சுமார் 10,000 பேரைக் கொன்றது. 2013 ஒக்டோபரில் 'பைலின்' வந்தபோது 10 இலட்சம் பேர் அளவில் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் 50க்கும் குறைவு. அதே கடல், அதே கரை. மாறியது மனிதர்களின் ஆயத்தம் மட்டும்.

நமக்கு ஒரு நேர அட்டவணை

ஒக்டோபர் முடிந்ததும் உல்லை நண்பர் எந்த எச்சரிக்கைக்கும் காத்திருப்பதில்லை. பலகைகள், மெத்தைகள், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஊருக்குள் உறவினர் வீட்டுக்கு ஏறிவிடும். நாட்காட்டியைப் பார்த்துச் செய்வது அது. 'டித்வா' போல் அருகிலேயே புயல் உருவானால் கடைசி நேரத்தில் லொறி கிடைக்காது. அதைத் தழுவி நான் கைக்கொள்ளும் ஒழுங்கைக் கீழே தருகிறேன். உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் வாரம்: தரையில் சரக்கு இருக்கக் கூடாது. மரச்சட்டத்தின் மேல் ஏற்ற வேண்டும். சீனி, மா, சீமெந்து உயரத்தில். தகரப் பேணியும் போத்தலும் கீழே. கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பார்க்க வேண்டும். தகரம் ஒன்று கழன்றால் காற்று உள்ளே புகுந்து மற்றதையும் தூக்கும்.

48 மணி நேரம் இருக்கையில்: புதுச் சரக்கு எடுக்க வேண்டாம். வரவேண்டிய லொறியைத் தாமதப்படுத்துங்கள். கடன் கொப்பி, பற்றுச்சீட்டு, காசோலைக் கொப்பி, உறுதி ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வெளியூரிலுள்ள பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். சரக்கு போனாலும் கடன் கொப்பி இருந்தால் வியாபாரம் எழும்பும்.

24 மணி நேரம்: மூடும் நேரத்தை ஒட்டுங்கள். ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்புங்கள். வாகனங்களுக்கு எரிபொருள் நிரப்பி மேட்டு நிலத்தில் விடுங்கள்.

12 மணி நேரம்: பிரதான மின் ஆழியை நிறுத்தி, பூட்டி, வெளியேறுங்கள். பிறகு எதற்காகவும் திரும்பக் கூடாது. காற்று திடீரென அடங்கினாலும் வர வேண்டாம். புயலின் கண் தலைக்கு மேல் வந்தால் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும், பின் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அலைச்சறுக்குக்காரன் ஏமாறக் கூடாத 'தூங்கும் கடல்' இதுதான்.

செய்தியை எங்கே பார்ப்பது? வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள அறிவித்தல், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம். கைத்தொலைபேசியில் கைமாறி வரும் குரல்பதிவை வைத்துக் கடையை மூடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இலங்கையில் 1999 முதல் தகாபுல் முறையிலான காப்புறுதி கிடைக்கிறது. 'காப்புறுதி நமக்கு ஆகாது' என்று ஒதுங்கியிருந்தவர்களுக்கு அந்தச் சாட்டு இப்போது இல்லை. ஆனால் கையொப்பம் வைக்குமுன் கேளுங்கள்: வெள்ளமும் சூறாவளியும் இதில் அடங்குமா, கட்டடத்துக்கு மட்டுமா அல்லது இருப்புக்கும் சேர்த்தா என்று. தீக்காப்புறுதி எடுத்துவிட்டு வெள்ளத்துக்குப் பணம் கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம். சரக்குக் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இல்லாவிட்டால் நட்டத்தை நிரூபிக்கவும் முடியாது.

கடலோடு வாழ்பவர்கள் கடலுக்குப் பயந்தவர்களும் அல்ல, அதை அலட்சியம் செய்பவர்களும் அல்ல. எந்த அலையை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்தவர்கள். விட்ட அலைக்காக அவர்கள் வருந்துவதில்லை, நாளைக்கு இன்னொன்று வரும். விட்ட இரண்டு நாள் வியாபாரமும் அப்படித்தான். கட்ட வேண்டியதைக் கட்டி, ஏற்ற வேண்டியதை ஏற்றிவிட்டு அதன்பின் தவக்குல் வைப்போம். இந்த மாரிக்குமுன் ஒரு மாலை நேரம் கடைத்தெருச் சங்கத்தில் பத்துப் பேர் கூடியிருந்து, 'எந்த நிறத்து எச்சரிக்கைக்கு எல்லாரும் சேர்ந்து மூடுவது' என்று ஒரு முடிவெடுத்தாலே போதும். பக்கத்துக் கடையைப் பார்க்கும் நமது பழக்கம் அன்றைக்கு நமக்குப் பாதுகாப்பாகிவிடும்.